மூலம்: பாத்திர சிருஷ்டி பற்றிச் சில குறிப்புகள்

விளையாட்டு ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் பாத்திர சிருஷ்டி பற்றி நம் விமர்சகர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத ஒரு தெளிவு, குறிஞ்சிப்பாடியில் தறி ஓடாமல் கிடக்கும் ஒரு கூடத்தில் ஐந்து இளைஞர்கள் பகடை உருட்டுவதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்ததில் கிடைத்தது. குழித்தறியின் பள்ளத்தை மூடிப் போட்டிருந்த பலகைதான் அவர்களுக்கு மேஜை. நடத்தியவன் என் அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் கொண்டு வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதிலிருந்து கிளைத்த வகை இது. இதில் ஜெயித்தவர் தோற்றவர் என்று கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் பாத்திரத்தை விட்டுவிட்டு உலகத்தை ஏற்றுக் கொள்கிறார். மழை, வழிப்பறிக்காரன், சத்திரத்துக்காரன், பேய் எல்லாம் அவர்தான். தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதில் பாதியை அவர் செய்கிறார். ‘கதவைத் திறக்கிறேன்’ என்று பாத்திரக்காரர் சொல்வார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை சொல்லும். பாத்திரத்தின் பலம், புத்தி, சாமர்த்தியம் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். ஆதி ஆட்டத்தில் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி ஆறு குணங்களுக்கு எண் போட்டார்கள். அதோடு மனிதரை மூன்று ஜாதியாகவும் பிரித்தார்கள்: ஒழுங்குக் கட்சி, நடுநிலை, குழப்பக் கட்சி. நம் ஜோதிடர்கள் இருபத்தேழு நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாக தேவ கணம், மனுஷ கணம், ராட்சஸ கணம் என்று பங்கு போட்டிருப்பதை அறிந்த எவனுக்கும் இது புதிதாகத் தோன்றாது.

பிறந்த வேளையும் இந்த ஆட்டங்களுக்குள் வெகு சீக்கிரம் நுழைந்துவிட்டது. ராபின் கிராஸ்பி 1986ல் செய்த ‘ஹார்ன்மாஸ்டர்’ என்ற ஆட்டத்தில், பாத்திரத்தின் பிறந்த தேதியைப் பகடையே தீர்மானிக்கும். தேதிக்கு ஒரு ராசி. மொத்தம் பன்னிரண்டு ராசி. ராசிக்குத் தக்கபடி தொழில் திறமைகளில் ஏற்ற இறக்கம். 2012ல் வந்த ‘டன்ஜன் கிரால் கிளாஸிக்ஸ்’ வேறு மாதிரி. அதில் முப்பது முகப் பகடையை உருட்டினால் ஒரு பிறவிச் சகுனம் கிடைக்கும். போர்க்களத்தில் பிறந்தவன், ஓநாய்கள் வளர்த்தவன் என்கிற மாதிரி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுடைய அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், செல்லுபடியாகும். பாத்திரங்களோ ஒன்றுமில்லாத குடியானவர்கள். ஆளுக்கு மூன்று நான்கு பேராக முதல் ஆட்டத்துக்குள் நுழைந்து பெரும்பாலோர் செத்துப் போகிறார்கள். பிழைத்தவனுக்கு அதன் பிறகுதான் கதை. இதில் ஒரு குரூரமான நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது.

என் மருமகன் இந்தச் சகுனப் பட்டியலை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நம் நட்சத்திரங்களைப் போட்டிருந்தான். முப்பது முகப் பகடைதான். 28, 29, 30 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பலன். பலனுக்கு எங்கே போனான்? இணையத்தில் தேடி, பிறகு தெருவில் கிழவிகளைக் கேட்டு, பழமொழிகளைச் சேர்த்திருந்தான். பரணி தரணி ஆளும், ஆகவே பரணிக்குத் தலைமைக் குணத்தில் இரண்டு கூடுதல். மகம் ஜகத்தை ஆளும், அதற்கும் அப்படியே. சித்திரை அப்பன் தெருவிலே, ஆகவே சித்திரையில் பிறந்தவனுக்குக் கையிருப்புப் பணம் பாதி. அவிட்டத்துக்குத் தவிட்டுப் பானையிலும் தங்கம். நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கூடச் சிரிப்பு வந்தது. மேல்நாட்டானுடைய பன்னிரண்டு ராசிகளை இரவல் வாங்காமல் சந்திரனை நம்பினானே என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. சூரியன் ஒரு ராசியில் ஒரு மாசம் உட்காரும்; சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் சுமார் ஒரு நாள்தான் தங்கும். பாத்திரங்கள் அடுத்தடுத்த நாளில் பிறந்தும் வேறு வேறாக இருக்கலாம்.

அவனோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் ஆட்டத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு 19 விழுந்தது. பத்தொன்பதாவது நட்சத்திரம் மூலம்.

அவள் பாத்திரம் பெண். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று பட்டியலில் இருந்தது. ஆண் பாத்திரமாக இருந்தால் எல்லாக் குணத்துக்கும் ஒன்று கூடுதல். பெண் பாத்திரமாக இருந்தால் மணமான ஒரு வருஷத்துக்குள் மாமனார் சாவு, பகடை தேவையில்லை. அந்தப் பெண் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ‘சரி, அப்ப நான் கல்யாணமே பண்ணிக்கலை’ என்று தாளில் எழுதிக் கொண்டாள். பீன்ஸ் நறுக்கிக் கொண்டிருந்த என் அக்கா கத்தியை வைத்துவிட்டு மகனைக் கேட்டாள்: ‘மாமனார் செத்தா அது அவர் நட்சத்திரத்தோட வேலை இல்லையாடா? அவர் ஜாதகத்தை ஏன் யாரும் பார்க்கலை?’

மகனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரியும். அவனுக்கு அதுவரை தெரியாது.

அக்காவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவள் மூல நட்சத்திரம். இருபது வயதிலிருந்து வந்த இடமெல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் நின்று போயிற்று. பெண்ணைப் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பெண்ணைப் பார்க்க யாரும் வந்தால்தானே. கடைசியில் அப்பா ஒரு ஜோதிடரிடம் போய் ஜாதகத்தை மாற்றி எழுதச் சொன்னார். நம் பக்கத்தில் நடக்காத காரியமில்லை. ஆனால் மாற்றுவது அவ்வளவு லேசாக இல்லை. ஒரு நாள் முன்னால் தள்ளினால் கேட்டை. கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது. ஒரு நாள் பின்னால் தள்ளினால் பூராடம். பூராடம் நூலாடாது, அதாவது கழுத்தில் தாலி நிற்காது. அடுத்தடுத்து மூன்று நாட்கள் பெண்கள் பிறக்கக் கூடாத நாட்கள். ஆகவே ஜோதிடர் இரண்டு நாள் தாண்டி உத்திராடத்தில் அக்காவைப் பிறக்க வைத்தார். 1988ல் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எந்தக் கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டாலும் உத்திராடம். பிள்ளை பிறந்தபோது, வீடு கட்டியபோது, அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எல்லாச் சங்கல்பமும் இல்லாத ஒரு பெண்ணின் பேரில் நடந்தது. மாமனார் எண்பதைத் தாண்டி இருந்துவிட்டுப் போனார். அத்தான் போய் ஆறு வருஷமாகிறது. வடலூர் சத்திய ஞான சபைக்கு அவள் அடிக்கடி போவாள். வள்ளலார் பக்தி என்று நினைத்திருந்தேன். ‘அங்க ஜோதிதான், யாரும் நட்சத்திரம் கேக்க மாட்டாங்க’ என்றாள்.

சோகக் கதை சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. இதில் ஒரு விமர்சனப் பிரச்னை இருக்கிறது. ஒரு தாளில் எழுதிய பொய்யான குறியை வைத்துக் கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பாத்திரத்தை ஆடியவள் என் அக்கா. அவளுடைய மெய்யான நட்சத்திரம் அவள் குணத்தை உண்டாக்கிற்றா? அவளைத் தெரிந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்யான நட்சத்திரம்? அதுவும் இல்லை. ஆனால் மறைப்பது என்ற காரியம், யாராவது பழைய கடிதக் கட்டைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம், மாமனாருக்கு ஜுரம் வந்த போதெல்லாம் தன்னையே குற்றவாளியாக நிறுத்திக் கொண்டது - இவை உண்டாக்கின. எதையும் இரண்டு தரம் யோசித்துப் பேசுகிற அந்த நிதானம், நாங்கள் அவளுடைய பிறவிக் குணம் என்று நினைத்தது, இப்போது வேறாகத் தெரிகிறது. குறி அவளுக்குள் இருந்ததே இல்லை. மற்றவர் வாயில் இருந்தது.

ஹார்ன்மாஸ்டர் முதலான ஆட்டங்கள் செய்கிற தவறு இந்த இடத்தில்தான். அவை குறியைப் பாத்திரத்தின் உடம்புக்குள் வைக்கின்றன. இன்ன ராசி, ஆகவே வாள் வீச்சில் இவ்வளவு கூடுதல். இது குறியை நம்புகிறவனுடைய பார்வை. குறியை நம்பாதவன் அதை ஒதுக்கிவிடுவான். இரண்டு பேருக்கும் தப்பிவிடுகிற மூன்றாவது இடம், குறி என்பது ஒரு சமூகம் ஒரு உயிரைப் பற்றி முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கும் வாக்கியம் என்பது. அந்த வாக்கியத்துக்கு எதிரே, அல்லது அதன் நிழலில், அல்லது அதற்குத் தெரியாமல், அந்த உயிர் என்ன செய்கிறது என்பதில்தான் பாத்திரம் பிறக்கிறது.

நம் பழைய காவியக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். வால்மீகி ராமனைப் புனர்பூசத்தில், கடக லக்னத்தில், ஐந்து கிரகங்கள் உச்சத்தில் நிற்கப் பிறக்க வைக்கிறார். இதைவிடச் சிறந்த ஜாதகத்தை எந்த ஆட்டக்காரனும் உருட்ட முடியாது. அந்த ஜாதகக்காரனுக்குப் பதினான்கு வருஷம் காடு, மனைவியைப் பறிகொடுத்தல், மீட்டும் இழத்தல். ஜாதகம் பொய்த்துவிட்டதா, மெய்த்துவிட்டதா என்று வால்மீகி எங்கும் கணக்குப் பார்ப்பதில்லை. லக்ஷ்மணன் ஆயில்யம், ஜோதிடக் கணக்கில் ராட்சஸ கணம். அண்ணனுக்காகத் தன் வாழ்க்கையைக் காட்டில் கரைத்தவன் அவன். மகாபாரதத்தில் இன்னும் ஒன்று உண்டு. தர்மன் பிறந்தது இந்திரனுக்குரிய நட்சத்திரத்தில், அதாவது கேட்டையில். கேட்டை மூத்தவனுக்கு ஆகாது என்று கிழவிகள் சொல்வதை இங்கே வைத்துப் பாருங்கள். தர்மன்தான் மூத்தவன் என்று உலகமே நினைத்துக் கொண்டிருக்கிறது. அவனுக்கும் ஒரு மூத்தவன் உண்டு. அவன் பதினேழாம் நாள் தேர்ச்சக்கரம் புதைந்து சாகிறான். பழமொழி பலித்துவிட்டதே என்று ஜோதிடர் மகிழலாம். பலித்தது என்பது முக்கியமே இல்லை. தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது கொன்ற பிறகு தெரிய வந்ததுதான் தர்மனைத் தர்மனாக ஆக்குகிறது. நாட்டை ஆள மாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிடுவது அதற்குப் பிறகுதான். நம் தென்னாற்காட்டுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளில் கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. (மாவட்டத்தை 1993ல் பிரித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் தென்னாற்காடுதான்.)

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் நம்மிடம் உண்டு. அதைப் பற்றி நம் புலவர்கள் பெருமையாகவும் நவீனர்கள் கேலியாகவும் பேசுவார்களே தவிர, இரு தரத்தாரும் அதன் தர்க்கத்தைப் பார்ப்பதில்லை. பாட்டியல் நூல்களைச் சொல்கிறேன். குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல் போன்றவை ஒரு பிரபந்தத்தின் முதற் சீருக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன: மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். நாள் என்பது நட்சத்திரம். எழுத்துகளுக்கு நட்சத்திரம் உண்டு. பாட்டுடைத் தலைவனின் நட்சத்திரத்தோடு அது பொருந்த வேண்டும். தானம் என்பதில் எழுத்துகள் தலைவனின் பெயரெழுத்திலிருந்து பாலன், குமரன், அரசன், மூப்பு, மரணம் என்று எண்ணப்படும்; மூப்பிலும் மரணத்திலும் வருகிற எழுத்தால் தொடங்கினால் தலைவனுக்கு ஆகாது. ஒரு கவிதையின் முதல் எழுத்து ஒரு மனிதனைக் கொன்றுவிடும்! இதை மூட நம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது, கவிதையும் அந்த வீட்டு மருமகளைப் போலவே நடத்தப்பட்டிருக்கிறது என்பதுதான். காலடி எடுத்து வைக்குமுன்பே அதைக் குற்றவாளியாக்கி, ஜாதகம் பார்த்து உள்ளே விடுகிறார்கள்.

கட்டுப்பாடுதானே கலைக்கு ஆதாரம், வெண்பாவுக்குத் தளை இல்லையா, நட்சத்திரமும் அப்படி ஒரு கட்டுப்பாடுதானே என்று ஒரு நண்பர் வாதிட்டார். விஷயம் அப்படியில்லை. தளை எழுதுகிறவனுடைய கையைக் கட்டுகிறது. அவன் திமிறுகிறான், அந்தத் திமிறலில் சொல் முறுக்கேறுகிறது. பொருத்தம் எழுதுகிறவனைக் கட்டுவதில்லை. எழுதி முடித்ததன் பலனைக் கட்டுகிறது. முதலாவதில் எதுவும் முன்கூட்டி முடிந்துவிடவில்லை. இரண்டாவதில் எல்லாம் முதலெழுத்திலேயே முடிந்துவிட்டது.

அதற்கும் முந்திய மரபைப் போய்ப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமைகள் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பத்துச் சொல்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு என்று தொடங்கி நிறை, அருள், உணர்வு, திரு வரை. பிறப்பும் குடிமையும் அதிலே இருப்பதை நான் மறைக்கவில்லை. அது ஒன்றும் சமத்துவப் பிரகடனம் இல்லை. ஆனால் பத்தில் ஒன்று கூட நட்சத்திரம் இல்லை. இன்று கல்யாணத் தரகர் பார்க்கிற தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியாதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்ற பத்தும் நட்சத்திரத்தையும் அதை ஒட்டிய ராசியையும் வைத்துப் பார்ப்பவை. பத்து என்ற எண் மட்டும் மிச்சம். அகநானூற்றில் 86, 136 ஆகிய பாட்டுகளில் கல்யாணம் நடக்கிறது. சந்திரன் ரோகிணியைச் சேர்ந்த நல்ல நாளில் நடக்கிறது. நட்சத்திரம் இருக்கிறது, ஆனால் நாளுக்கு இருக்கிறது. பெண்ணின் நட்சத்திரம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. வடலூரில் தைப்பூசத்துக்குக் கூட்டம் கூடுவதும் இந்த முறையில்தான். பூசம் நாளுக்குரியது, வருகிறவர்களுக்குரியது இல்லை. வானத்தை நாளில் பார்ப்பதற்கும் ஆளில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது. நடுவில் எந்த நூற்றாண்டில் அந்தத் தூரத்தைக் கடந்தோம் என்பதை ஆராய்ச்சியாளர் யாராவது சொல்ல வேண்டும்.

அகத்திணையில் பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் - வேஷங்கள் மட்டும். யார் வேண்டுமானாலும் ஏற்றுக் கொள்ளலாம். ஆட்டத்துக்குள்ளே போனால் ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு நெருக்கடி. அந்தப் பகடை ஆட்டக்காரர்களுக்கு இதைச் சொன்னபோது, ‘மாமா, இது ரொம்ப நல்ல செட்டிங்’ என்றான் மருமகன். அவனுக்குப் புரிந்த அளவு நம் பேராசிரியர்களுக்குப் புரிந்திருந்தால் சங்கப் பாடல்களைப் பூ, பறவைப் பட்டியலாக இவ்வளவு காலம் கற்பித்திருக்க மாட்டார்கள்.

இனி நம் சமகால வியாதிக்கு வருகிறேன். நட்சத்திரத்தை நம் நாவலாசிரியர்கள் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பது தவறு. பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். வட்டார வழக்கு ஒரு கட்டம், ஜாதி ஒரு கட்டம், தொழில் ஒரு கட்டம், சிறு வயதில் பட்ட ஒரு காயம் லக்னத்தில். நாலையும் நிரப்பினால் பாத்திரம் நடக்க ஆரம்பித்துவிடும் என்று நம்புகிறார்கள். நடக்கிறது, முன்னூறு பக்கமும் தன் கட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. கோபக்காரன் கோபித்துக் கொள்கிறான், பரம ஏழை பரிதாபமாக இருக்கிறான், பாட்டி பழமொழி சொல்கிறாள். யதார்த்தம் என்று இதற்கு மதிப்புரையில் பெயர் போடுகிறோம். நெசவாளி என்றால் இருமுவான் என்று எழுதுகிறவன், மூலம் என்றால் மாமனார் சாவார் என்கிற ஜோதிடனிடமிருந்து எந்த விதத்தில் முன்னேறியவன்? குறிஞ்சிப்பாடித் தெருக்களில் கைலி நெய்தவர்களோடு வளர்ந்தவன் நான். அவர்களில் ஒருவரையாவது அந்த நாவல்களில் நான் சந்தித்ததில்லை.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு வேறு யோக்யதை இல்லாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் பேசும் யோக்யதை உண்டு. புதுமைப்பித்தன் 1906ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934ல் பிறந்தது கடலூரில். மௌனி சிதம்பரத்தில் வாழ்ந்து 1985ல் மறைந்தார். (பிறந்த ஊரைச் சொல்லிப் பெருமைப்படுவதும் ஜாதகம் பார்ப்பதுதானே என்று கேட்டால் பதில் இல்லை.) மௌனியின் பாத்திரங்களுக்கு ஜாதகமே கிடையாது. பலருக்குப் பெயரும் இல்லை. எங்கிருந்து வந்தார்கள், என்ன தொழில், யாருடைய பிள்ளை என்பது கரைந்து போயிருக்கிறது. அகத்திணையின் பெயரின்மையை நவீனக் கதைக்குக் கொண்டு வந்தவர் அவர்தான் என்று வாதிக்கலாம். ஆனால் எல்லாக் குறிகளையும் துடைத்துவிட்ட பின் மற்றவர்களும் துடைபட்டுப் போகிறார்கள். அவர் உலகத்தில் வம்பு பேச ஆளில்லை. என் அக்காவின் கதையை மௌனி எழுதியிருக்க முடியாது.

புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் செய்தது வேறு. அகலிகைக்கு இதிகாசம் முன்கூட்டியே எல்லாம் எழுதி வைத்துவிட்டது: கல், பிறகு பாத தூளி, பிறகு மன்னிப்பு. அவர் அந்தக் குறியை அழிக்கவில்லை. அப்படியே எடுத்துக் கொண்டு, மன்னிப்புக்குப் பிறகு ஊரார் கண்களுக்கு நடுவே அவள் எப்படி நாள் கழித்தாள் என்று பார்க்கிறார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவள் மறுபடி கல்லாகிறாள். முதல் தடவை கல்லானது சாபம். இரண்டாம் தடவை கல்லானது அவளே செய்தது. ஒரே பலன், கட்டம் மாறவில்லை. ஆனால் இப்போது அது அவளுடையது. பாத்திர சிருஷ்டி என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜெயகாந்தனை இங்கே நான் சொல்வது சிலருக்கு எரிச்சலூட்டும். அவருடைய குரல் பல இடங்களில் எனக்கும் ஒத்துக் கொள்வதில்லை. ஆனால் 1966ல் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதி, நாலைந்து வருஷம் கழித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதியபோது அவர் செய்த காரியம், அந்தப் பகடை ஆட்டக்காரர்கள் செய்வதேதான். அதே மழை, அதே கார், அதே பெண். சிறுகதையில் தாய் தலையில் தண்ணீரை ஊற்றி வாயை மூடிவிடுகிறாள். நாவலில் தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வெளியே தள்ளுகிறான். காருக்குள் நடந்ததில் மாற்றமில்லை. வாசலில் சொன்ன சொல்லில் மாற்றம். அந்த ஒரு உருட்டலில் ஒரு பெண் இரண்டு பெண்களாகிவிடுகிறாள். கங்காவின் குறி அவள் மேல் இல்லை, தாயின் வாயிலிருந்து தெருவுக்குப் போயிற்று. சிறுகதையை எழுதிய எழுத்தாளரையே நாவலுக்குள் ஒரு பாத்திரமாக ஜெயகாந்தன் நுழைத்துவிடுவது வெறும் சாதுர்யம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது, பகடை யார் கையில் இருந்தது என்பதை ஒப்புக் கொள்ளும் செயலாக அது படுகிறது.

நாடி ஜோதிடத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சிதம்பரத்திலிருந்து வைத்தீஸ்வரன் கோயில் ஒன்றும் தூரமில்லை. கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் நம் ஓலையைத் தேடுவார்கள். தேடுவது எப்படியென்றால், அவர் ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க, நாம் ஆமாம், இல்லை என்று சொல்லிக் கொண்டே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று வருகிற ஓலை நம்முடையது. தன் பாத்திரத்தைத் தானே எழுதிவிட்டு, அகஸ்தியர் எழுதியதாக நம்பிக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். மோசமான வாசகனும் கதையிடம் இப்படித்தான் நடந்து கொள்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மருமகன் பட்டியலை மாற்றியிருந்தான். அவனுடைய அம்மா நடுவில் ஒரு ராத்திரி அவனிடம் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்’ என்பதுதான் அசல் பழமொழி, பெண் என்று இல்லவே இல்லை என்று சில ஜோதிடர்கள் இப்போது சொல்லி வருகிறார்கள்; அப்படித் திருத்தியிருப்பானோ என்று பயந்தேன். பழமொழியைத் துலக்கிக் கொடுத்து ஜோதிடத்தைக் காப்பாற்றுகிற வேலை அது. அக்காவை ஒதுக்கியவர்கள் பாடபேதம் பார்த்தா ஒதுக்கினார்கள்? அவன் அப்படிச் செய்யவில்லை. எண்களை எடுத்துவிட்டு, பழமொழிகளை அப்படியே வைத்திருந்தான். புது விதி இதுதான்: பாத்திரத்தின் நட்சத்திரம் அவரவர் தாளில் எழுதப்படாது. ஒரு அட்டையில் எழுதி, கூடாரம் போல் மடித்து, மற்றவர்கள் பார்க்கும்படி எதிர்ப் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டும். தன்னுடையது தன் கண்ணுக்குத் தெரியாது. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் அவரிடம் பேசுவார்கள், பயப்படுவார்கள், சம்பந்தம் பேசுவார்கள், கதவைச் சாத்துவார்கள். ஏன் என்று அவரே கண்டுபிடித்துக் கொள்ள வேண்டியது. விரும்பினால் அட்டையை மாற்ற ஒரு ஜோதிடருக்குப் பணம் கொடுக்கலாம். பணம் கொடுத்தது வெளியே தெரிந்தால் தண்டனை இரட்டிப்பு.

இரண்டு மணி நேரம் ஆடினார்கள். ஒருவன் கடைசி வரை தன்னை மகம் என்று நினைத்துக் கொண்டிருந்தான், கேட்டை. ஆட்டம் மெதுவாகப் போகிறது, பேச்சு அதிகம், சண்டை போதாது என்று இரண்டு பேர் குறைப்பட்டுக் கொண்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. எண் இருந்தால் சர்ச்சை சீக்கிரம் தீரும். மூலத்துக்காரப் பெண் மட்டும் வேறொரு ஆட்சேபம் எழுப்பினாள். 28, 29, 30 விழுந்தால் ஏன் மறுபடி உருட்ட வேண்டும்? 28க்கு அபிஜித் இருக்கிறதே என்றேன். பழைய கணக்கில் நட்சத்திரம் இருபத்தெட்டு. சரி, 29க்கும் 30க்கும்? தன் பாட்டிக்கு நட்சத்திரமே தெரியாது, பெரிய மழை பெய்த வருஷத்தில் பிறந்ததாக மட்டும் சொல்வாள் என்றாள் அவள். தானே புயல் அடித்த 2011 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் பிறந்த குழந்தைகளைக் கூட இன்னும் புயலில் பிறந்தது என்றுதான் சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அப்படியானால் அந்த இரண்டு எண்ணுக்கும் அட்டையை வெறுமையாக நிறுத்த வேண்டும் என்பது அவள் கட்சி. வெறும் அட்டையைப் பார்த்து யார் எப்படி நடந்து கொள்வது, அதற்கு விதி வேண்டாமா என்பது மருமகன் கட்சி. அக்கா காப்பி கொண்டு வந்து வைத்தபோதும் அது தீரவில்லை. அடுத்த மாசம் வருகிறார்கள்.